வயலில் மண், வேட்டியில் அழுக்கு: நடுவில் நடப்பது என்ன?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் நினைவிருக்கும். பத்து எட்டு வைப்பதற்குள் செருப்படியில் மண் அப்பிக் காலைத் தூக்க முடியாமல் போகும். குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு நடந்தால் அடுத்த பத்தாவது எட்டில் மறுபடியும் அதே கதை. ஆற்று மணலில் இந்தத் தொல்லையே கிடையாது. ஈர மணல் காலில் ஒட்டினாலும் காய்ந்ததும் தட்டினால் உதிர்ந்துவிடும்.

வேட்டியில் பட்ட கரிசல் அப்படி உதிராது. தேய்த்து அலசிய பிறகும் ஒரு சாம்பல் நிழல் நூலுக்குள் நிற்கும். ஆனால் அதே மண்தான் மானாவாரியில், பெய்த மழையின் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைவிக்கிறது. அந்தப் பருத்தியில் நெய்த வேட்டியில் அதே மண் பட்டால் அழுக்கு என்கிறோம்.

மண் இருக்கவேண்டிய இடத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது, அதனால் அழுக்கு என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. இடம் மாறும்போது மண்ணின் நிலையும் மாறுகிறது. வயலில் அது கட்டுண்டு கிடக்கிறது. துணியில் வந்து ஒட்டுவது அந்தக் கட்டு உடைந்து வெளியேறிய துகள். அந்தக் கட்டு எதனால் உண்டாகிறது, எதனால் உடைகிறது என்று பார்த்தால் உழவும் சலவையும் ஒரே வேதியியலின் மேல் நிற்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் மண் ஒரு பாடத்தில் வருகிறது, சோப்பு இன்னொரு பாடத்தில் வருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் சொல்லித் தருவதில்லை.

துகளின் அளவிலிருந்து தொடங்கலாம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான் மண்ணியலில் மண் துகள் என்கிறார்கள், அதற்கு மேல் இருந்தால் சரளை. கையால் தேய்த்தால் நெருநெருவென்று தெரிவது மணல். மாவு போல இருப்பது வண்டல் துகள். 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் களித் துகள். சிறுத்துக்கொண்டே போவதோடு இந்தக் கதை முடிவதில்லை. மணலும் வண்டல் துகளும் பெரும்பாலும் பாறை உடைந்த பொடிதான், களி வேறு வகை. பாறையின் கனிமங்கள் நீரில் கரைந்து, சிதைந்து, மறுபடியும் படிகமாகி உருவான மெல்லிய தகடுகள் அவை. அந்தப் படிகம் உருவாகும்போது சிலிக்கான் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியமும், அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் மக்னீசியமும் உட்கார்ந்துவிடுவதுண்டு. மின்னூட்டக் கணக்கு சரியாக வராமல் தகட்டின் முகத்தில் எதிர்மின் மிஞ்சி நிற்கும். களி பிசுபிசுப்பதும், பயிருக்குச் சோறு போடுவதும், துணியை விடாமல் பிடிப்பதும் இந்த மிச்ச மின்னூட்டத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

கரிசலில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் வகைக் களி. அந்த வகையில் முக்கியமானது மான்ட்மோரில்லோனைட். அதில் ஒரு கிராம் எடுத்து, தகடுகளின் உள்ளும் புறமுமான பரப்பைக் கூட்டினால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். சென்னைக் கணக்கில் ஏறக்குறைய மூன்று கிரவுண்டு நிலம், ஒரு சிட்டிகை மண்ணுக்குள். நீர் தகடுகளுக்கு நடுவே நுழைந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செம்மண்ணில் பொதுவாக இருப்பது கயோலினைட். அதன் தகடுகள் இறுக ஒட்டியிருப்பதால் நீர் உள்ளே போகாது, பரப்பும் குறைவு. நேர்மின் கொண்ட சத்துக்களைப் பிடித்து வைக்கும் திறனை 100 கிராமுக்கு இத்தனை மில்லி ஈக்விவலன்ட் என்று அளப்பார்கள். மான்ட்மோரில்லோனைட்டுக்கு அது 80 முதல் 120 வரை, கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரை. இலைதழையும் சாணமும் மக்கி மிஞ்சும் மட்கு இரண்டையும் தாண்டும். 200க்கு மேலேயே போகும். செம்மண் நிலத்தில் தொழு உரம் அவ்வளவு வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிடிப்பை முதலில் சோதித்துப் பார்த்தது ஒரு நிலக்காரர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த எச். எஸ். தாம்சன், 1845இல் மண் நிரப்பிய குழாயின் மேல் அம்மோனியம் சல்பேட்டைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அடியில் அம்மோனியம் சல்பேட் கரைந்து வரும் என்றுதானே நினைப்போம்? வந்தது பெரும்பாலும் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டிருந்தது. அரச வேளாண் கழகத்தின் வேதியியலாளர் ஜே. தாமஸ் வே இதை விரிவாகச் சோதித்து 1850இல் வெளியிட்டார். எரு கரைத்த தண்ணீர் மண் வழியே வடிந்தால் நிறமும் நாற்றமும் போய்த் தெளிவதை விவசாயிகள் சிலர் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். இந்த வேலையும் களியினுடையது என்று வே காட்டினார். இன்று அயனிப் பரிமாற்றம் என்று படிக்கும் நிகழ்வு, வயல் மண்ணில் கண்டெடுக்கப்பட்டது. நாம் போடும் யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறியதும் முதல் மழையில் அடித்துக்கொண்டு போகாமல் நிற்பது இதனால்தான். அதுவே நைட்ரேட்டாக மாறிவிட்டால் அதற்கும் எதிர்மின் இருப்பதால் களி பிடிக்காது, நீரோடு கீழே இறங்கிவிடும்.

சரி, எதிர்மின் கொண்ட தகடுகள் ஒன்றையொன்று விலக்கத்தானே வேண்டும்? எப்படிக் கட்டியாகின்றன? நடுவில் கால்சியம் வருகிறது. அதற்கு இரட்டை நேர்மின். இந்தப் பக்கம் ஒரு தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு அல்லது ஒரு மட்குத் துணுக்கு என்று பிடித்துச் சேர்க்கும். அப்புறம் பூஞ்சை இழைகள் அதைச் சுற்றிக் கட்டும், வேர்களும் நுண்ணுயிர்களும் கசியவிடும் பசை இறுக்கும். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும் பசையாக நிற்கும். இப்படிச் சேர்ந்த சின்னச் சின்னக் கட்டிகளைத்தான் உழவர்கள் மண் பொலபொலவென்று இருக்கிறது என்கிறார்கள். நல்ல வயல் மண்ணின் கன அளவில் பாதி வெற்றிடம். அதில் நீரும் காற்றும் ஏறக்குறைய சரிபாதி. கனிமத் துகள் சுமார் 45 விழுக்காடு, மீதி மட்கு. கட்டிகள் உடைந்தால் முதலில் அழிவது அந்த வெற்றிடம்தான்.

மண்புழுவின் பங்கைத் தனியாகச் சொல்லவேண்டும். சார்லஸ் டார்வின் தன் ஆயுளின் கடைசி நூலை, 1881இல், மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்கு பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. 1837இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தவர், இடையில் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்திருக்கிறார். புழுவின் குடலில் களியும் மட்கும் கால்சியமும் ஒன்றாகப் பிசையப்பட்டு, நீரில் எளிதில் கரையாத உருண்டைகளாக வெளியே வருகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் அழுக்கு என்று யாருக்கும் சொல்லத் தோன்றாத மண் அது.

இப்போது வேட்டிக்கு வருவோம். பருத்தி நூலுக்கும் நீரில் இலேசாக எதிர்மின் உண்டு. அப்படியானால் களி அதை விட்டு விலகி ஓடவேண்டும். ஆனால் நடுவில் அதே கால்சியம் வந்து, ஒரு பக்கம் களியையும் மறு பக்கம் நூலையும் பிடித்துக்கொள்கிறது. வயலில் கட்டி உண்டாக்கிய பாலம் இங்கே கறை உண்டாக்குகிறது. கரிசலில் சுண்ணாம்பு நிறைய இருப்பதால் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் துவைத்தால் தண்ணீரிலிருந்தும் கால்சியம் வந்து சேரும். சோப்பு நுரைக்காமல் திரிவதும், வெள்ளைத் துணி நாலைந்து சலவையில் மங்கிப்போவதும் அதன் வேலை. கூடவே துகள் சிறுக்கச் சிறுக்க, ஓடும் நீர் அதை இழுக்கும் விசை ஒட்டும் விசையைவிட வேகமாகக் குறைகிறது. அதனால்தான் மணல் தட்டினால் போகிறது, களி தேய்த்தாலும் போவதில்லை. ஈரத்தோடு தேய்த்தால் தகடுகள் நூலிழைகளின் இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சேறு பட்ட துணியைக் காயவிட்டு உதறிய பிறகு துவைக்கவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

கஞ்சி போட்ட வேட்டி இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மண் நூலைத் தொடுவதற்கு முன் கஞ்சிப் படலத்தைத் தொடுகிறது, அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது அதோடு போய்விடுகிறது. செம்மண் கறை மட்டும் வேறு ரகம். அங்கே நிறம் இரும்பு ஆக்சைடினுடையது. களியை எடுத்த பிறகும் அது தங்கும், சோப்புக்கு அசையாது. துருக்கறை நீக்கிகளில் ஆக்சாலிக் அமிலம் இருப்பது இதற்காகத்தான். அது நஞ்சு, கையாளும்போது கவனம் வேண்டும்.

அழுக்கை எடுக்க நம் ஊர்களில் மண்ணையே பயன்படுத்தினார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோடையில் சில தாழ்வான நிலங்களில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி எடுத்துவந்து, நீரில் கரைத்து, அதில் துணிகளை நனைத்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி ஆவியில் வேகவைத்து, பிறகு துறையில் அடித்துத் துவைப்பார்கள் சலவைத் தொழிலாளர்கள். அந்த வெள்ளைப் பூப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. இன்று பாக்கெட்டில் வரும் சலவைத் தூளிலும் அது முக்கியமான பொருள். அது இரண்டு வேலை செய்கிறது. கார்பனேட் கால்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்த்திவிடுகிறது. காலியான இடத்தில் சோடியம் வந்து உட்காருகிறது. சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம்தான். தன்னைச் சுற்றி நீரை நிறையச் சேர்த்துக்கொண்டு தகட்டிலிருந்து தள்ளி நிற்கும். இரண்டு பக்கமும் பிடிக்க அதால் முடியாது. பாலம் அறுந்ததும் எதிர்மின் தகடுகள் நூலை விட்டும், ஒன்றை விட்டொன்றும் விலகி நீரில் மிதக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கைக் காரமும் ஆவியும் சேர்ந்து கரைத்துவிடும். வேதியியல் புத்தகம் எதுவும் இல்லாமல், எந்த நிலத்து மண் எந்தப் பருவத்தில் வேலைக்கு ஆகும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தவர்களின் அறிவு அது. அந்த அறிவுக்கு உரிய மரியாதையை நம் சமூகம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தாம்சனும் வேயும் கண்டதும் கடைசியில் சலவைக்கே வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் கான்ஸ், மண்ணில் நடக்கும் அயனிப் பரிமாற்றத்தைச் செயற்கைச் சியோலைட்டில் (களியைப் போலவே அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் கனிம வகை) நடத்தி, கடின நீரை மென்னீராக்கும் முறையைக் கொண்டுவந்தார். நீர்நிலைகளில் பாசி பெருகுவதற்குச் சலவைத்தூளின் பாஸ்பேட்டும் காரணம் என்று தெரிந்தபோது, 1970களிலிருந்து அதற்குப் பதிலாகப் பல நாடுகளில் சியோலைட்டைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மண்ணைத் துணியிலிருந்து பிரிக்கும் அந்தப் பொடி, மண் செய்யும் வேலையைப் பார்த்துச் செய்யப்பட்டது.

துணியில் நல்லது செய்த சோடியம் வயலில் பெருங்கேடு. தொட்டியில் களியைச் சிதறடித்ததைப் போலவே நிலத்திலும் சிதறடிக்கிறது. கட்டிகள் கலைந்து, தகடுகள் தனித்தனியாகி, நுண்துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், ஒரு சாண் கீழே மண் வறண்டு கிடக்கும். காய்ந்தால் பாறை, நனைந்தால் வழுக்கும் சேறு. களர் நிலம் என்பது இதுதான். கார அமில நிலை (pH) 8.5க்கு மேலும், களி நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும் பரிமாற்ற இடங்களில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேலும் போனால் களர் என்று வகைப்படுத்துகிறார்கள். சோடியம் பைகார்பனேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினாலும் நல்ல நிலம் களராகும். திருச்சி வட்டாரத்தில் இது பெரிய பிரச்சினை. அங்குள்ள வேளாண் கல்லூரியிலிருந்து திருச்சி 1 போன்ற களர் தாங்கும் நெல் ரகங்கள் வந்ததும் அதனால்தான்.

திருத்தும் வழி, சலவையைத் தலைகீழாகச் செய்வது. ஜிப்சம் தூவி உழுது, தண்ணீர் கட்டி வைத்தால் கால்சியம் கரைந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். வெளியேறிய சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். அந்த நீரை வடிக்காமல் விட்டால் செலவழித்தது வீண். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சலவையில் அழுக்குத் தண்ணீரைக் கொட்டாமல் துணியை அதிலேயே காயவிடுவதற்குச் சமம் அது. தண்ணீர் வடிந்தபின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மட்கு சேரும், நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவால் காரமும் சற்றுத் தணியும்.

உங்கள் மண் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். பட்டாணி அளவுக் காய்ந்த கட்டியை, மழைநீரோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ உள்ள தம்ளரில் மெதுவாக விட்டு அசைக்காமல் வைக்கவும். கட்டி அப்படியே நின்றால் மட்கும் கால்சியமும் நன்றாகப் பிடித்திருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் மட்கு குறைவு, ஆனால் களி இன்னும் சிதறவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கல் பரவினால் சோடியத்தைச் சந்தேகிக்கவேண்டும். ஆஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகுத்த சோதனையின் எளிய வடிவம் இது. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பும் கால்சியமுமே களியைச் சேர்த்துப் பிடித்து ஏமாற்றிவிடும்.

கட்டு உடைவதற்குச் சோடியம்தான் வேண்டும் என்பதில்லை. பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. புல்லோ சருகோ இல்லாத வெற்று மண்ணில் விழுந்தால் கட்டியை உடைத்துத் தெறிக்கவைக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரின் அடிப்பக்கம் மழைக்காலம் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள் தெரியுமே, அது அந்தத் தெறிப்பின் உயரம். நாம் சுவர் அழுக்காகிவிட்டது என்று பார்க்கிறோம். அதே நேரத்தில் வயலிலும் அதே வேகத்தில் மண் தெறித்துக்கொண்டிருக்கிறது, அங்கே சுவர் இல்லாததால் தெரிவதில்லை. தெறித்த நுண்துகள் மேல்துளைகளை அடைத்துக் காய்ந்தால் பொருக்கு தட்டும், முளை வெளியே வரத் திணறும். மீதி மழைநீரோடு ஓடையில் போகும், அல்லது கோடையில் புழுதியாகப் பறக்கும்.

அமெரிக்காவின் சமவெளிகளில் 1930களில் இது ஒரு நாட்டையே உலுக்கியது. ஆழமாக வேர்விட்ட புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள். விலை சரிந்தது, தொடர்ந்து மழை பொய்த்தது, மண்ணைப் பிடிக்க வேரில்லை. 1934 மே மாதப் புயலில் அந்தப் புழுதி நியூயார்க், வாஷிங்டன் வரைக்கும் போனது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதியைக் கறுப்பு ஞாயிறு என்றே சொல்கிறார்கள். பகலிலேயே இருண்டுவிட்டது. வீடுகளில் ஜன்னல்களுக்கு ஈரத் துணி தொங்கவிட்டார்கள், சாப்பிடும் நேரம் வரை தட்டுகளைக் கவிழ்த்தே வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறையின் விளைநிலம் வீட்டுத் தரையில் தூசியாகக் கிடந்தது. ஹ்யூ பென்னட் என்ற மண்ணியலாளர் பல ஆண்டுகளாக எச்சரித்தும் கேட்காத நாடாளுமன்றம், அந்த மாதமே மண் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

மண்ணை அழுக்கு என்று மட்டும் பார்க்கும் பழக்கத்தின் விளைவு இப்போது நம் தெருக்களில் தெரிகிறது. முற்றம், கோயில் பிராகாரம், மரத்தடி எல்லாவற்றிலும் சிமெண்டும் பேவர் பிளாக்கும். சேறு வராது என்பது உண்மை. மழைநீரும் இறங்காது, மரத்தின் வேருக்குக் காற்றும் போகாது. தெறிப்பைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் புல்லும் சருகும் சரளையும் அந்த வேலையைச் செய்யும். மண்ணில் கிருமி உண்டு என்ற அச்சம் பொய்யல்ல. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறும் காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், குழந்தைகளுக்கு இரத்தசோகை வரும். ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது இதற்காக. ஆனால் அந்தப் புழு மண்ணில் தானாக முளைப்பதில்லை, மனித மலத்தின் வழியாகப் போய்ச் சேர்கிறது. அதற்குத் தேவை கழிப்பறை. முற்றத்தில் சிமெண்ட் போடுவதால் அது தீராது.

வயலை விட்டுப் போன மண் திரும்பவும் வயலுக்கு வரமுடியும். நம் ஏரி, கண்மாய்களில் படிந்திருக்கும் வண்டல், மேட்டு நிலங்களிலிருந்து மழை அரித்துக்கொண்டு வந்த களியும் மட்கும்தான். கோடையில் அதை அள்ளி வண்டி வண்டியாக வயலில் போடுவது பழைய வழக்கம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் உரிய அனுமதி பெற்று அதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசும் வழி செய்திருக்கிறது. மணற்பாங்கான, செம்மண் நிலங்களுக்கு இது நல்ல கைகொடுக்கும், நீரையும் சத்தையும் பிடிக்கும் திறன் கூடும். ஏற்கெனவே களி மிகுந்த நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் வடிகால் இன்னும் மோசமாகும். ஏரியின் நீர்ப்பிடிப்பில் களர் நிலம் இருந்தால் சோடியமும் சேர்ந்தே வந்திருக்கக்கூடும். ஆகவே லாரி பிடிப்பதற்கு முன், ஏரியின் நாலைந்து இடங்களில் காய்ந்த கட்டி எடுத்துத் தம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். தண்ணீர் கலங்கினால் அந்த இடத்து வண்டலை விட்டுவிட்டு, மண் பரிசோதனை நிலையத்தில் காரநிலையைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.